சேற்றுக் கடலில் ஒரு சிவப்பு

ஜெராம் ஊரின் கடல் நீலமாக இருக்காது. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அந்தச் சேற்றின் மேல் பைத்தியமானவர் சத்தியசீலன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கூலிகள் குடியிருந்த லயத்தை இடித்தபின் கடலோரம் வந்து, கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவர். சாயங்காலம் தூரிகையோடு கரையில் உட்கார்ந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும். சேற்றில் நாற்பது நிறம் இருக்கிறது என்பார். மனைவி கண்மணி சிரிப்பாள்.

கண்மணி சிரித்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் தூக்கி வளர்த்த தம்பி அகிலன் கடலோடு போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கருமாதி செய்யவும் அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இன்னமும் அவனுக்கும் சேர்த்து மூன்று தட்டு வைக்கிறாள்.

அகிலன் தனியாகச் சிப்பி பொறுக்கப் போனான், கடல் ஏறிவிட்டது. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சொன்னவர் சத்தியசீலன்.

நடந்தது வேறு. அன்று அவர் வரைந்த படத்தில் அத்தனை பழுப்புக்கும் நடுவே ஒரு துளி சிவப்பு தேவைப்பட்டது. மைத்துனனின் வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தம் சிவப்புச் சட்டையை மாட்டிச் சேற்றில் இறக்கினார்.

"இங்க போதுமா மாமா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடா. அழகா இருக்கு லா!"

வெளிச்சம் போவதற்குள் அந்தச் சிவப்பைப் பிடித்துவிடும் அவசரம், பாவி மனிதருக்கு. நிமிர்ந்து பார்த்தபோது அகிலன் தொடைவரை புதைந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவே தண்ணீர் வந்துவிட்டது.

போலீசிடம் கண்மணி, "வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்" என்று அழுதாள். படகுகள் மூன்று நாள் வெள்ளையைத் தேடின. பக்கத்தில் நின்ற சத்தியசீலன் வாயைத் திறக்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டை அவருடைய சாயப் பெட்டிக்குள் இருந்தது. இதற்கெல்லாம் மன்னிப்பு உண்டா?

அதன்பின் அவர் கடலை வரையவே இல்லை. போன வாரம் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் வந்தார்.

"சீலன், கடைச் சுவர்ல நம்ம ஜெராம் கடலை வரைஞ்சி குடுங்க. நீலம் மட்டும் வேணாம்."

நான்கு நாளில் சுவரில் சேறு வந்தது, வானம் வந்தது. படத்துக்கு மட்டும் உயிர் வரவில்லை. என்ன குறை என்று அவருக்குத் தெரியும். அதை வைத்தால் கண்மணி கண்டுபிடித்துவிடுவாள் என்பதும் தெரியும். வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது, கை கேட்கவில்லை. ஓரத்தில் சின்னதாக, சிவப்பாக, அகிலன் நின்றான்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்த கண்மணி சுவரையே பார்த்தாள்.

"அகிலன் போட்டிருக்கிறது உங்க சட்டைதானே? அவன் போனதுலேருந்து கொடியில காணோம்னு எத்தனை நாள் தேடினேன்!"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"நான் வெள்ளைன்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

அவள் திரும்பி நடந்தாள்.

அவர் பின்னாலேயே போனார். வீட்டில் கண்மணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டுகள். ஒன்று அவளுக்கு, ஒன்று தம்பிக்கு.