இரண்டு டாக்டர்களும் அக்காவின் இடுப்பும்

1964 டிசம்பர் 12, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குப் பால் பூத் வரிசையில் ஏழாவது ஆள். இரண்டு பாட்டில் வாங்கி வந்து, காப்பி குடித்து, சவரம் செய்துகொண்டு குளித்தேன். எட்டு இருபத்தெட்டு லோக்கல் ரயிலில் பம்பாய் ஃபோர்ட்டிலுள்ள ஆபீசுக்குப் போனேன். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். ஒன்றரைக்குக் கிளம்பி இரண்டேகாலுக்கு மாட்டுங்காவில் இறங்கினேன். லேசான குளிர்; ஸ்வெட்டர் தேவைப்படவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் இதற்குக் கீழே தனி வரியாக எழுதியிருக்கிறேன்: ‘இன்று இரவுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.’

முடிவு என் அக்காவின் இடுப்பைப் பற்றியது. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஆகஸ்டு மழையில் ரயில்வே படிக்கட்டில் வழுக்கி விழுந்தவள், அப்போது படுத்தவள்தான். காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டுப் பத்து வாரம் வைத்திருந்தும் தொடை எலும்பின் கழுத்து சேரவில்லை. இனி எலும்பின் தலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஃகினால் ஆன குண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றார்கள். அப்போதுதான் அவள் மறுபடி நடப்பாள்.

அதைச் செய்ய இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மெட்ராஸில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த நிபுணர். இன்னொருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நர்சிங் ஹோம் வைத்திருந்த சர்ஜன். அவருக்கு முப்பத்தாறு வயது. இதே மாட்டுங்காவில் அரை டிராயரோடு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அரை டிராயரில் பார்த்த ஒருவரிடம் அக்காவின் எலும்பை எப்படிக் கொடுப்பது? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் இருந்த காரணம் அதுதான்.

நவம்பரில் மெட்ராஸ் நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இருபத்துமூன்று கேள்விகள், எண் போட்டு, இடப்பக்கம் ஓரம் விட்டு. அதன் கார்பன் நகலை நம் ஊர் சர்ஜனிடமும் கொடுத்தேன். மெட்ராஸிலிருந்து ஒன்பதாம் நாள் பதில் வந்தது. டைப் அடித்த இரண்டு தாள்; இருபத்துமூன்று கேள்விக்கும் எண் போட்டு இருபத்துமூன்று பதில். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்கான பதில் எனக்கு வந்ததில்லை. நம் ஊர் சர்ஜனோ நகலை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகவே திங்கட்கிழமை மெட்ராஸ் மெயிலில் இடம் பிடித்து வைத்தேன். சர்ஜனும் செவ்வாய்க்கிழமை காலையை எங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். சனி இரவுக்குள் சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்காவைக் கேட்டால், “நீ எது சொன்னாலும் சரிடா” என்பாள். நாலு மாதமாக எதற்கும் அதே பதில். சுவிட்ச்போர்டில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் அதட்டியவள் இப்படிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்குச் சர்ஜன் வந்து நின்றார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பூக்கடையில் அவரைப் பார்த்த என் மனைவி, முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும்படி கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

“ஐம்பத்துநாலு படி மாமா” என்றார். நான் இருபத்தைந்து வருஷமாக அந்த மாடியில் இருக்கிறேன். படிகளை ஒருநாளும் எண்ணியதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் மெட்ராஸ் பதிலை எடுத்து நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். நல்ல பதில் என்றார். அந்த டாக்டர் இந்த ஆபரேஷனைத் தன்னைவிட அதிகம் செய்தவர் என்றும், அங்கே போவதானால் தானே எக்ஸ்ரேயுடன் ஒரு கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் அவர் அக்காவின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தார்.

“மாமி, ஆபரேஷன் ஆகி ஆத்துக்கு வந்தப்பறம் காலம்பற சண்டாஸுக்கு எப்படிப் போவேள்?”

கக்கூஸ் என்று சொல்லக் கூசி, பம்பாய்க்காரர்கள் நாங்கள் அதை இந்தியில் சண்டாஸ் என்றுதான் சொல்வோம். அதைக்கூட வெளி மனிதர் முன் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்ஜன் எழுந்து சமையலறை வழியாகப் பின்பக்கம் போனார். எங்கள் சண்டாஸ் அங்கே இருந்தது. ஒரு படி ஏறிக் குந்தி உட்காரும் பழைய வகை. திரும்பி வந்து, எஃகுக் குண்டு வைத்த இடுப்போடு அப்படிக் குந்தவே கூடாது, குந்தினால் குண்டு கழன்றுவிடும் என்றார். மெட்ராஸ் தாளில் பதினேழாவது பதிலைக் காட்டினார். ‘நோயாளி குந்தி உட்காருவதைத் தவிர்க்க வேண்டும்.’ அதன் கீழே நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். ஸ்கேல் வைத்து.

அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் எத்தனை பாட்டில், தையல் எத்தனையாம் நாள் பிரிப்பார்கள், ரயிலில் எந்தப் பக்கம் தலை வைக்கலாம் என்றெல்லாம் கேட்டிருந்தேன். சண்டாஸுக்கு எப்படிப் போவாள் என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. முதல் வரைவில் எழுதி, பெரிய மனிதருக்கு எழுதும் கடிதத்தில் இதையெல்லாமா எழுதுவது என்று அடித்துவிட்டேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். “நடக்கறதைப் பத்தி எனக்குப் பயமே இல்லை. நாலு மாசமா இவ எனக்குப் பெட்பான் எடுக்கறா. அவ எடுக்கறச்சே நான் கண்ணை மூடிண்டுடுவேன். ஆபரேஷன் ஆனாலும் இதே கதைதானோன்னுதான் பயம். அதான் எது கேட்டாலும் சரின்னேன்.”

“நீங்க கண்ணை மூடிண்டா நான் மறைஞ்சு போயிடுவேனாக்கா?” என்றாள் என் மனைவி. “நானும் மூக்கை மூடிண்டுதான் எடுத்தேன். சரியாப் போச்சு.”

முதலில் சிரித்தது அக்காதான். ஆகஸ்டுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

சர்ஜன் டேப் கேட்டார். என் மனைவி தையல் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அக்காவின் முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிகால்வரை அளந்தார்: பதினாறேகால் அங்குலம். சண்டாஸ் கதவின் அகலம் இருபத்திரண்டு. படியின் உயரம் ஏழரை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நடுவில் துளை போட்ட நாற்காலி ஒன்று செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் கை வேண்டும், அகலம் இருபதுக்கு மேல் போனால் கதவுக்குள் நுழையாது. ஆபரேஷனுக்கு முன்பே அது வீட்டில் இருக்க வேண்டும். படிக்குக் கைப்பிடி. முதல் ஒன்றரை மாதம் மாடி இறங்கக் கூடாது. வேலைக்குப் போவதை பிப்ரவரிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“அப்ப தனியாப் போயிடலாமா?” என்று கேட்டாள் அக்கா.

“கதவைத் தாப்பாள் போட்டுண்டே போகலாம் மாமி.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “இவன்கிட்டயே பண்ணிக்கறேன்டா.”

மெட்ராஸ் டாக்டரின் கை தேர்ந்த கை என்று நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

“இருக்கட்டும். அவர் ஒழுங்காத்தான் பதில் சொல்லியிருக்கார். நீ கேக்காததுக்கு அவர் எங்கேர்ந்து பதில் எழுதுவார்? ஏதாவது ஒண்ணுன்னா இவனை ஜன்னல்லேர்ந்து கூப்பிடலாம்.” பிறகு சர்ஜனிடம், “உன்னை அவன் அரை டிராயர்ல பாத்தவனாம். அதான் யோஜனை” என்றாள். நான் யாரிடமும் சொல்லாத காரணம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. சர்ஜன் காது சிவக்கச் சிரித்தார். செவ்வாய் காலை ஏழு மணி என்று எழுதிக்கொண்டு, தாராவியில் ஒரு தச்சரின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு ஆறு இருபத்தைந்துக்குப் போனார்.

இரவு ஒன்பதரைக்குப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பால் வாங்கி வைத்ததும் ஏழு மணிக்கெல்லாம் தாராவிக்கு நடந்தேன். தச்சர் திருநெல்வேலிக்காரர். பட்டறைக்கு வெளியே சந்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். என் அளவுத் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

“ஆருக்கு சார்?”

அக்காவுக்கு என்றேன்.

“அவ்வொ உங்க உசரந்தானா?”

கிட்டத்தட்ட என்றேன். அவர் உள்ளே போய், வேறு யாருக்கோ செய்து வைத்திருந்த துளை நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து சந்தின் நடுவில் வைத்தார்.

“காயிதத்துல எழுதுனா போதுமா? உக்காந்து பாத்துச் சொல்லுங்க. எங்க இடிக்கி, எங்க வலிக்கின்னு தெரியணும்லா.”

எதிர் வீட்டில் நாலு பேர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றவர்களும் திரும்பினார்கள். எப்போதும் கையிலிருக்கும் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேஷ்டியை ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டு, நான் அதில் உட்கார்ந்தேன்.