அப்பொலோனியா அடித்த குழல்

துல்பெஹாக்கன் ஓடைக்கு இந்தக் கரையில் என் விடுதி. அந்தக் கரையில் துப்பாக்கிக் கொல்லர் ஃபெல்டன் ரூப்பெர்ட்டின் பட்டறை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அங்கே இரும்படிக்கும் சத்தத்தில்தான் பால் கறந்தேன், ரொட்டி சுட்டேன். கேட்டால் ஒரே ஆள் அடிப்பதுபோல இருக்கும். வேலை செய்தது இரண்டு பேர்.

நெடுந்துப்பாக்கிக் குழலைத் தனியாளாகச் செய்ய முடியாது. நீண்ட இரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி மடித்து, பழுக்கக் காய்ச்சி, நடுவில் தொடங்கி முனைவரை அடித்து ஒட்டவேண்டும். ஒருவர் குறட்டால் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டி போடவேண்டும். எங்கே அடிப்பது என்று கொல்லர் சிறுசுத்தியலால் தட்டிக் காட்டுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். ஃபெல்டன் தட்டியதே இல்லை. சம்மட்டி போட்டது அவர் பெண்டாட்டி அப்பொலோனியா. அவர் கண் போகிற இடத்தில் அவள் அடி விழும்.

பிள்ளைகுட்டி கிடையாது. இருவருக்குள் பேச்சும் குறைவு.

"உங்க வீட்ல வாய்க்குப் பதிலா சம்மட்டியாடி?" என்று சீண்டுவேன்.

"உன் வீட்ல சம்மட்டிக்குப் பதிலா வாய் இருக்கே!" என்பாள்.

இலையுதிர்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது ஒரு குழல் பாதியில் நின்றிருந்தது. பின்பாதி ஒட்டியாயிற்று, முன்பாதி வாய் பிளந்தபடி. ஃபெல்டன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு உலையை அணைத்தார். பனிக்காலத்தில் பல வாரம் அந்தக் கரையில் புகையில்லை. நான் கொண்டுபோய் வைத்த சூப் மறுநாள் கிண்ணத்தோடு உறைந்து கிடக்கும். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவள்மேல் பாதி, உயிரோடு இருந்தவர்மேல் பாதி.

"அண்ணே, இப்படியே கெடந்தா அவ பக்கத்துல அடுத்த குழி உங்களுக்குத்தான். ஹென்னரை அனுப்புறேன். அந்தக் குழலை முடிங்க" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினேன்.

ஹென்னர் என் வேலையாள். எருது மாதிரி உடம்பு. காலையில் போனவன் மதியத்துக்குள் திரும்பிவிட்டான்.

"என்னடா அதுக்குள்ள?"

"எங்க அடிக்கணும்னு அவர் காட்டவே இல்லம்மா. இரும்பு ஆறுதேன்னு நானா ஒண்ணு போட்டேன். குழலை எடுத்து ஓரமா வெச்சுட்டாரு."

"தப்பா விழுந்துச்சா?"

"அப்படிச் சொல்லல. 'நீ போப்பா'ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சும்மா."

அதற்குப்பின் இரும்பை அறுக்கும் ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு பல நாள் அரம். ஓடையில் பனி உடைந்த வாரம், ஃபெல்டன் துப்பாக்கியோடு என் விடுதிக்குள் வந்தார். மேப்பிள் மரப் பிடிக்கட்டை மின்னியது, குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் புரிகள் சுத்தமாக ஓடின. ஆனால் எங்கள் பக்கத்துத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றினால் ஆளின் மோவாயைத் தொடும். இது இடுப்புக்கு மேல் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"மிச்சத்தை எலி தின்னுடுச்சா ஃபெல்டன்?" என்று தொடங்கினான் வண்டிக்கார காஸ்பர். "இவ்வளவு குட்டையா இருக்கே, படுக்கையில படுத்துக்கிட்டே வாத்து சுடவா?" விடுதியே சிரித்தது.

ஃபெல்டன் குழலின் வாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"அவளும் நானும் சேர்ந்து ஒட்டினது இவ்வளவுதான் இருந்துச்சு" என்றார்.

காஸ்பர் தொப்பியைக் கழற்றினான். நான் சமையல்கட்டுக்குப் போய் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன். திரும்பி வந்தபோது ஃபெல்டன் வாசலில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏவா, நாளைக்கு ஹென்னரை அனுப்பு. புது இரும்பு போடறேன்."

மறுநாள் பால் கறக்கும்போது ஓடை தாண்டிச் சத்தம் வந்தது. முதலில் சின்னதாக ஒரு தட்டு, பிறகு பெரிய அடி. மறுபடி சின்னத் தட்டு, பெரிய அடி. இனி அவர் ஒவ்வொரு அடிக்கும் இடம் காட்டித்தான் ஆகவேண்டும்.