மாமாவின் தண்ணீர்க் கம்பெனி

மெட்ராஸ் பட்டணத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்த கதையை என் மாமா சொல்லித்தான் கேட்கவேண்டும். வெள்ளைக்காரன் செங்குன்றத்து ஏரியில் வாய் வைத்து உறிஞ்சி, அப்படியே ஓடிப்போய்ப் பட்டணத்தில் துப்பினான் என்பது போலச் சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டணத்தில் ஒரு குழாய்க் கடையில் கொஞ்ச காலம் சுமை தூக்கிவிட்டுத் திரும்பியவர். அதனால் பட்டணத்துத் தண்ணீரின் சரித்திரம் முழுக்கத் தனக்கு அத்துப்படி என்று அவருக்கு நினைப்பு.

"ஒருத்தன் செஞ்சா அது கூலி. நாலு பேரு சேர்ந்து செஞ்சா அது கம்பெனி" என்பார். ஊரில் எல்லோரும் தலையாட்டுவார்கள். நாலு பேர் சேர்ந்து வலை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அதைக் கம்பெனி என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக இழுத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் துண்டு. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர். வாய் கொப்பளிக்கக்கூட ஒன்றும் உதவாது. ஊருக்குள் எங்கே தோண்டினாலும் உப்புதான். நல்ல தண்ணீர் வேண்டுமானால் ஏரியின் கிளையாக வரும் ஓடையைப் படகில் தாண்டி, எதிர்க்கரைச் சவுக்குத் தோப்பில் இருக்கும் மணல் கிணற்றுக்குப் போகவேண்டும். அம்மாவோடு நானும் பாவாடையைச் செருகிக்கொண்டு போவேன். திரும்பும்போது குடங்கள் சாயாமல் கட்டிப் பிடித்துக்கொள்வது என் வேலை. காற்று கிளம்பிவிட்டால் அலை தெறித்துக் குடத்துக்குள் விழும், பாதி வழியில் நல்ல தண்ணீர் கெட்டுப்போகும். அன்றைக்கு அம்மா குழம்புக்கு உப்புப் போடவேண்டியதில்லை என்று நைனா கிண்டல் செய்வார். அம்மா அவர் தட்டில் குழம்பை வேகமாக ஊற்றுவாள்.

மாமா தண்ணீர்க் கம்பெனி தொடங்கியது இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நம்பவேண்டாம். பிறந்ததிலிருந்து அந்தக் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு அக்கா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தவர்தான் அவர். உண்மையான காரணம் அனுப்பம்பட்டில் இருந்தது.

அங்கே எங்கள் சனத்திலேயே ஒரு குடும்பம். ஒரு தலைமுறைக்கு முன்னால் கடலை விட்டுப் போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மீன் விற்றுப் பிழைத்தார்கள். சரக்கு எடுக்கப் பழவேற்காடு சந்தைக்கு ஒரு அம்மாவும் மகளும் வருவார்கள். மகளைப் பார்த்ததிலிருந்து மாமா சந்தையில் மீனை விலைக்கு விற்பதை மறந்துவிட்டார். பெண் கேட்டுப் போனபோது அந்த அம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"பையன் நல்ல பையன்தான். ஆனா எங்க வாசல்லயே கொயா கீது. எம்பொண்ணு கொடத்தத் தூக்கினு படகு ஏறமாட்டா. உங்க ஊருக்குக் கொயா வரட்டும், அப்பறம் பேசலாம்."

பக்கத்து ஊருக்கே குழாய் வராத காலம் அது. வேறு யாராக இருந்தாலும் வேறு பெண் பார்த்திருப்பார்கள். மாமா ஊருக்கு வந்து கம்பெனி தொடங்கினார்.

குழாய்களைப் பட்டணத்துப் பழைய முதலாளி கழித்துப்போட்டதிலிருந்து வாங்கிவந்தார். படகுக்கு வைத்திருந்த பழைய டீசல் இன்ஜினை நைனா கொடுத்தார். கொடுத்தார் என்றால், அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள், அதனால் கொடுத்தார். தோப்பில் வைத்தால் திருடிப்போவார்கள் என்று இன்ஜினையும் பம்பையும் ஊர்க்கரையில் வைத்து, அங்கிருந்தே கிணற்றை உறிஞ்ச ஏற்பாடு. குழாய் ஓடைக்கு அடியில் படுத்து வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் சிமெண்டு மேடை கட்டி, பித்தளைக் குழாய் ஒன்று வைத்து, அதற்குக் குங்குமமும் இட்டார்கள்.

ஓடைக்கு நடுவில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில்தான் கம்பெனியின் தலையெழுத்து இருந்தது. பசை போட்டு ஒட்டவேண்டும் என்று குழாய்க் கடையில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். மாமாவுக்குப் பசையில் நம்பிக்கை இல்லை. வலை பின்னும் நைலான் நூலை எடுத்து இறுக்கிச் சுற்றி, எங்கள் ஊர் முடிச்சைப் போட்டார்.

"சொறாவே இஸ்தாலும் அவுராது" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அது நிஜம்தான், சுறா இழுத்தாலும் அவிழாது. ஆனால் அந்த முடிச்சுக்கு மீனை நிறுத்தத்தான் தெரியும், தண்ணீரைப் போகவிட்டே பழக்கம். ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

முதல் நாள் இன்ஜின் கத்தியது, குழாய் செருமியது, கொஞ்சம் காற்றைக் கக்கியது. பிறகு தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அழுதாள். நான் இனிமேல் குடம் பிடிக்கப் போகவேண்டாம் என்று மணலில் குட்டிக்கரணம் போட்டேன். மாமா அன்றைக்கே அனுப்பம்பட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், மாப்பிள்ளை வீடு பார்க்க. வழக்கமாகப் பெண் வரமாட்டாள். ஆனால் அந்த அம்மாவுக்குப் பின்னால் படகிலிருந்து பெண்ணும் இறங்கினாள். ஊர்ப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

"நாந்தான புடிக்கப்போறேன், கொயாவ நான் பாக்கவேணாவா?" என்று கேட்டாளாம். என் பெரியம்மா இதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் நேராகக் குழாயடிக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்த மாமா இன்ஜினைக் கிளப்பினார். குழாய் செருமியது, காற்றைக் கக்கியது, தண்ணீர் பாய்ந்தது. மாமா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா குழாயைப் பார்த்தார். குழாயிலிருந்து ஒரு இறால் விழுந்தது.

சின்ன இறால்தான். சிமெண்டு மேடையில் துள்ளியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு தண்ணீரோடு கும்பலாக வர ஆரம்பித்தன.

"எறாடீ!" என்று பெரியம்மா கத்தினார். குழாய்க்குக் கீழே முந்தானையை விரித்துவிட்டார். அவ்வளவுதான், ஊரே பாய்ந்தது. ஒருவர் கிழிந்த வலைத் துண்டைக் கொண்டுவந்து குழாய் வாயில் கட்டினார். குடத்தோடு நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் கூடையை எடுக்க ஓடினார்கள்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் குழாயில் இறால் வந்தால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் எழுந்த முதல் கேள்வி, "இன்னிக்கிப் பாடு யாருது?" என்பது.

ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இந்த இடம் இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சோற்றுக்குச் சண்டை வராமல் பாட்டன் காலத்திலிருந்து காப்பாற்றி வருவது அதுதான். அன்றைக்கு ஓடையில் பாடு என் பெரியப்பாவுடையது. ஓடை இறால் எந்த வழியாக வந்தாலும் தன்னுடையது என்றார் பெரியப்பா. குழாய் கோயில் நிலத்தில் இருக்கிறது, அதனால் சாமிக்குச் சொந்தம் என்றார் பூசாரி. "இன்ஜின் என்னுது" என்றார் நைனா. பெரியம்மா தன் புருஷனுக்கே இடம் கொடுக்காமல், முந்தானை என்னுடையது என்றார். ஊர்த் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே பஞ்சாயத்தைத் தொடங்கினார்.

விருந்தாளிகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாமா மட்டும் மறக்கவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்பது அவருக்கு முதல் இறாலிலேயே தெரிந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தவும் தோன்றாமல், வியர்வை வழிய நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எறா கெடக்கட்டும்" என்றார் அந்த அம்மா. "தண்ணி எப்டி கீதுன்னு குடிச்சிப் பாக்கணும். ஒரு லோட்டா குடுங்க."

அம்மா என்னிடம் லோட்டாவைக் கொடுத்தாள். வலைத் துண்டை ஒதுக்கி நான் பிடித்து வந்தேன். அந்த அம்மா கையை நீட்டினார். அதற்குள் பெண் குறுக்கே வந்து லோட்டாவை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். கடைசி மடக்கு தொண்டையில் கொஞ்சம் நின்று இறங்கியது.

"இன்னாடி, எப்டி கீது?"

அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் திரும்பினாள்.

"நம்ம ஊட்டுத் தண்ணியவிட நல்லா கீது, மா."

"எனக்கும் கொஞ்சம் குடு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, வா மா" என்று காலி லோட்டாவை என் கையில் திணித்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. லோட்டாவின் அடியில் மிச்சம் இருந்த சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். அப்படியே ஏரியின் உப்புத் தண்ணீர்! வாயைத் திறந்து சொல்லப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. எதற்குக் கிள்ளினாள் என்று கேட்டதற்கும் ஒரு குட்டு விழுந்தது.

கம்பெனி அன்று மாலையே மூடப்பட்டது. தண்ணீர் உப்பாக இருந்ததற்காக அல்ல. குழாய் ஓடையில் கிடந்து இறால் பிடித்ததால் அதுவும் ஒரு வலைதான், தன் பாடு இல்லாத நாளில் மாமா வலை போட்டது குற்றம், அதனால் குழாயைத் தூக்கிவிடவேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாமா ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டார். தை மாதம் கல்யாணம் என்று பெண் வீட்டார் படகு ஏறும்போதே அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் விழுந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

தை மாதம் அவள் எனக்கு அத்தையாகி வந்தாள். குழாய் எங்கே என்று கேட்கவே இல்லை. வந்த மறுநாள் இடுப்பில் குடத்தோடு படகுத்துறையில் எங்களுக்கு முன்னால் நின்றாள். படகு ஏறிப் பழக்கம் இல்லாததால் போகும்போது வாந்தி எடுத்தாள். கிணற்றில் இறைத்து, சவுக்குத் தோப்பு மணலில் கால் புதையக் குடங்களைச் சுமந்து வந்தபோது, முகமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது.

திரும்பும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அத்த, உனக்குத்தான் உப்புத் தண்ணி ரொம்பப் புடிக்குமே. ஏரியிலயே மொண்டு குடிக்கவேண்டியதுதான? எதுக்கு இவ்ளோ தூரம் வந்து கஷ்டப்படற?"

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். விட்டு விட்டுச் சிரித்தார்கள், அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படகு ஆடி, நான் கட்டிப் பிடித்திருந்த குடம் தளும்பி, என் பாவாடையெல்லாம் நனைந்தது. அவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்த நல்ல தண்ணீரை இப்படிக் கொட்டுகிறார்களே என்று எனக்கு இருவர் மேலும் கோபம் கோபமாக வந்தது.