வெளிநாட்டு வரவு

எங்கள் கடையில் இரண்டு ஜெராக்ஸ் மெஷின்கள். ஒன்று ஓடும், இன்னொன்று ஓடுவதாகப் பேர். எதிரே வருமான வரி அலுவலகம். கடை அண்ணனுடையது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்து நின்றேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. மூடியைத் தூக்கித் தாளைக் கவிழ்ப்பதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவேன். படித்ததை யாரிடமும் சொல்வதில்லை.

அப்படித்தான் லிஃப்ட்காரரைப் பற்றி எனக்குத் தெரியும். பிறந்த வருடம், முதுகு ஆபரேஷன் நடந்த தேதி, சம்சாரத்தின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், எல்லாம். அவர் வேற்று நாட்டுக்காரர். தன் ஊரில் நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் இருவருமாக இங்கே வந்து, மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியேறினார்கள். அந்த அம்மாவின் மூட்டு வலிக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் நான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"நாப்பது வருஷம் ஊரையே ஏத்தி எறக்குன மனுஷன், இப்ப படி ஏறி மூச்சு வாங்குறாரு பாரு," என்று அண்ணன் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வான்.

"லிஃப்ட் இருந்தால் நான் உறங்க மாட்டேன் ஐயா. அதன் ஓசையையே கேட்டுக்கொண்டிருப்பேன்."

அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். பாடப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்ட பேச்சு. அவர் போனதும் அண்ணன், "செய்திகள் முடிவடைந்தன," என்பான். நான் சிரிப்பேன். பிறகு ஏன் சிரித்தோம் என்று இருக்கும்.

வரிப் படிவத்தை எழுதுவது, இவரைவிட நன்றாகத் தமிழ் கற்றிருந்த அந்த அம்மாதான். வருடா வருடம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் அவருக்குப் படித்துக் காட்டி, கேள்வி கேட்டு, பதிலையும் தானே எழுதிக்கொள்வார். இவர் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார். அவருடைய ஓய்வூதியத்துக்கு அவர் நாட்டிலேயே வரி பிடித்துவிடுகிறார்கள். ஆனாலும் இங்கே அதைக் காட்டி, அங்கே கட்டிய சான்றையும் இணைக்க வேண்டும். அதையெல்லாம் அந்த அம்மா பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் இவர் தனியாக வந்தார். ஒரே ஒரு தாள். "பதினொரு பிரதி வேண்டும் சகோதரி. அலுவலகத்துக்கு ஒன்று கேட்கிறார்கள்." கவிழ்க்கும்போது பார்த்தேன். இறப்புச் சான்றிதழ். பதினொன்றையும் எடுத்து விளிம்பு தட்டிக் கொடுத்தேன். அந்த அம்மாவை ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். வாரம் இரண்டு முறை பஸ் பிடித்துப் போய்வருகிறார் என்றும் சொன்னார்கள்.

போன வருடம் படிவத்தை அவரே எழுதிக்கொண்டு வந்தார். குழந்தை எழுத்து, ஆனால் கோட்டை விட்டு இம்மி நகரவில்லை. மூடியைத் தூக்கினேன். ஒன்பதாம் கட்டத்தில் "வெளிநாட்டிலிருந்து வரவு" என்று அச்சிட்டிருக்கும். தொகை எழுத வேண்டிய இடம் அது. அவர் எழுதியிருந்தது இது: "மகள். ஒரு முறை. நான்கு வருடம் முன்பு. மூன்று நாள்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். "என்னம்மா, மெஷினுக்குள்ள சினிமாவா ஓடுது? சீக்கிரம் எடு," என்று அண்ணன் குரல் கொடுத்தான். எடுத்துக் கொடுத்தேன். அவர் அலுவலகத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாராவது பார்த்துத் திருத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நோட்டீஸோடு வந்தார். வெளிநாட்டு ஓய்வூதியத்தை மறைத்ததற்கு இருபத்தொரு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால், அவர் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கப்படும். இப்படி இருந்தது. அகராதியை வைத்துப் படித்து முடிப்பதற்குள் பதினாறு நாள் போயிருந்தது.

"இதில் ஒரு சொல் புரியவில்லை," என்று விரலை வைத்துக் காட்டினார். "மறைத்தது என்று எழுதுகிறார்கள். மறைந்தது என் மனைவி. அதை நான் எல்லா அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டேன். பதினொரு பிரதி. நீங்கள்தான் எடுத்தீர்கள்."

தலையாட்டினேன்.

"அனுமதி இல்லை என்றால் நான் போக வேண்டும். அவள் இங்கே இருக்கிறாள். நான் எப்படிப் போவது?"

அண்ணன் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இது ஆடிட்டர் விஷயம். நமக்கெதுக்கு வம்பு? ரெண்டு காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பு."

"தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும்ணா."

"உனக்கா?"

"அன்னிக்கே பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீ இவ்வளவு பேசிருக்க. சரி, போ. நான் மெஷினைப் பாத்துக்கறேன்."

இருவரும் தெருவைக் கடந்தோம். அத்தனை வருடம் எதிரே இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் நான் போனதில்லை. ஏழாம் எண் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா இருந்தார். லிஃப்ட்காரர் நோட்டீஸை நீட்டினார். அந்த அம்மா கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டினார்.

"பென்ஷன் வருதுல்ல? ஏன் காட்டல?"

"நான் பொய் எழுதவில்லை அம்மா."

"நீங்க யாரும்மா? மகளா?"

"இல்லீங்க. எதுத்த ஜெராக்ஸ் கடை." என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கிட்டே குனிந்து சொன்னேன். "ஒன்பதாம் கட்டத்தைப் பாருங்க. அவரு வரவுன்னா ஆளு வர்றதுன்னு நினைச்சுட்டாரு. வெளிநாட்டுலேருந்து யாரு வந்தாங்கன்னு கேக்கறதா நினைச்சு எழுதிட்டாரு."

அந்த அம்மா படித்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அப்ப மகளுக்கு எத்தனை பர்சென்ட் போடறது மேடம்?"

"உங்க வேலையப் பாருங்க," என்றார் அதிகாரியம்மா. அவர் சிரிக்கவில்லை.

"உங்கள் வாசலில் எழுதியிருக்கிறது," என்று லிஃப்ட்காரர் திரும்பிக் கதவைக் காட்டினார். கதவுக்கு மேலே பச்சைப் பலகையில் நல்வரவு என்று இருந்தது. "என் மனைவி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த சொல்."

அதிகாரியம்மா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். ஓய்வூதியச் சான்று, அங்கே வரி கட்டிய சான்று, ஒரு விளக்கக் கடிதம். ஐந்து நாளுக்குள் மூன்றும் வர வேண்டும். "இந்தக் கட்டத்துல இருக்கறத அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. சரியான தொகைய கீழ எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். கட்டத்துக்கு மேலே பேனா அப்படியே நின்றது.

"ஆனால் இது பொய் இல்லை," என்றார்.

"பொய்யின்னு யாரு சொன்னா? தப்பான எடத்துல இருக்குங்க, அவ்வளவுதான்."

"சரியான இடம் எந்தக் கட்டம்?"

அந்த அம்மா படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். உண்மையாகவே தேடினார் என்றுதான் நினைக்கிறேன். "அதுக்குக் கட்டம் இல்லீங்க," என்றார்.

அவர் ஸ்கேல் கேட்டு வாங்கினார். மகள் என்ற சொல்லிலிருந்து மூன்று நாள் வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டார். ஓரத்தில் கையெழுத்திட்டார். மையை ஊதிக் காயவைத்தார்.

ஐந்து நாளும் அவர் எங்கள் பெஞ்சில்தான் இருந்தார். விளக்கக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து ஒரு அரசாங்க அலுவலகத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. "உங்க சகோதரி இப்ப பெரிய ஆடிட்டர்," என்று அண்ணன் அவரைச் சீண்டினான். "கட்டணம் எவ்வளவு?" என்று அவர் கேட்டார். கேலியா, நிஜமா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆறாம் நாள் பெஞ்ச் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்குப் போகும் சாக்கில் அந்த மாடிப்படியருகே நின்றேன். இரண்டாம் மாடி வரை ஏறினேன். மேலே அவர் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று நின்றேன். "இன்று யார் வருகிறார்கள்? இன்று என் தம்பி வருகிறான்," என்று பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். தோய்த்துத் தேய்த்த சட்டை. தங்கும் அனுமதிக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"ஐந்து வருடம் கொடுத்திருக்கிறார்கள் சகோதரி. இரண்டு பிரதி. ஒன்று எனக்கு. ஒன்று மகளுக்குத் தபாலில்."

எடுத்தேன். மெஷின் முனகியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இடது பக்க உருளை தேய்ந்திருக்கிறது என்றார். இரண்டு தாளையும் விளிம்பு தட்டி அவரிடம் நீட்டினேன்.

"போதுமா?"

"அவள் வருவதற்கா?" என்றார்.

தாள்களை நீட்டியபடியே இருந்தேன். அவர் அப்போதுதான் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"போதும்," என்று வாங்கிக்கொண்டார்.