எலுமிச்சை மேலே, குங்குமப்பூ அடியில்

இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு, வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதுக்குப் பின்னால் பாதி. அந்தப் பாதியை மணவாளன் எப்படி அளக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆவடி ஸ்டேஷனில், ஏழேகால் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே நின்று, சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளக் குப்பியை எடுத்து இந்தக் காரியத்தை முடிக்கிறார். பிறகு மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

"வருதா சார்?"

"வருது."

"மேல இன்னா நிக்கிது?"

"எலுமிச்சை."

"அடியில?"

"குங்குமப்பூ."

"ரைட்டு" என்று குப்பியை உள்ளே வைக்கிறார். காலைக் காபியே சரியாக இறங்காத எரிச்சலில் நிற்கும் மனிதனைப் பிடித்து இப்படி வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது என்ன நியாயம் என்று முதல் வருஷம் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் விஷயம் தெரிந்தது, கோபம் போய்விட்டது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி முடியும்வரை தினமும் இதுதான். மழை ஆரம்பித்தால் குப்பி வீட்டோடு தங்கிவிடும்.

கோவில்பதாகையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மூக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். பவுடருக்கும் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசனை கலந்து கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில், அம்பத்தூர் எஸ்டேட்டில், முப்பத்தோரு வருஷமாக வேலை. அதில் இருபத்தாறு வருஷம் கலக்குகிற ஆள் அவர்தான். ஒரு காகிதப் பட்டையை நனைத்து, மூக்கருகே இரண்டு தடவை ஆட்டிவிட்டு, "ரோசா கம்மி, சந்தனம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால் முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டாராம். இப்போது அதே கம்பெனியின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

கொரோனா இரண்டாம் அலையில் மூக்கு போய்விட்டது. ஊரில் எல்லாருக்கும்தான் போயிற்று, இரண்டு மாதத்தில் திரும்பியும் வந்தது. இவருக்கு வரவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் நரம்பு என்று ஏதோ சொல்லி, எதற்கும் நான்கு சாமான்களைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய் என்று நாலையும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் முகர்ந்தார். "தண்ணிய மோந்து பாக்கற மாதிரி கீது சார்" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

மூக்கில்லாமல் வாழ்வதற்கு அவரிடம் தனி ஏற்பாடுகள் உண்டு. தினமும் பாலைக் காய்ச்சுவதற்கு முன் பாத்திரத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார். என் மனைவி முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் அடுப்பில் ஏறும். சாப்பாட்டில் ருசி தெரியாததால் சத்தத்தைச் சாப்பிடுகிறார்: அப்பளம், முறுக்கு, வறுத்த கடலை. மழைக்காலத்தில் நமுத்துப்போன முறுக்கு அவருக்குப் பெரிய துக்கம்.

தொழில் பாஷை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. ஒரு வாசனையில் பூசியதும் எழுவது மேல், பிறகு வருவது நடு, கடைசிவரை தங்குவது அடி. மனிதர்களையும் மேல், நடு, அடி என்றுதான் பிரிப்பார். எங்கள் தெருச் சங்கத் தலைவரைப் பற்றிக் கேட்டால், "அந்தாளு மேல மட்டுந்தான் சார். குப்புனு வரும், பத்து நிமிசத்துல ஒண்ணியும் இருக்காது" என்பார். நான் எப்படி என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டுவைத்தேன். கொஞ்சம் யோசித்து, "நீங்க நடு சார். லேட்டாத்தான் தெரிவீங்க" என்றார். பாராட்டா, குத்தலா என்று நான் துருவிக் கேட்கவில்லை.

அந்த எலுமிச்சை வாசனை அவருடையது அல்ல. அவருடைய மனைவி சுலோசனாவுடையது.

சுலோசனாவுக்கு மல்லிகைப்பூ ஆகாது. வைத்த அரைமணி நேரத்தில் ஒற்றைத் தலைவலி வந்து கண்ணைத் திறக்க முடியாமல் படுத்துவிடுவார். கல்யாண வீட்டில் ஒவ்வொருத்தியும் "என்னம்மா, தலையில பூ இல்ல?" என்று கேட்க, ஒவ்வொருத்திக்கும் விளக்கம் சொல்லி அலுத்துப்போன ஒருநாள், வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். அந்த வருஷம் மல்லி மலிந்து கிடந்த சித்திரையில் மணவாளன் இதைக் கலந்து கொடுத்தார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், அடியில் கொஞ்சம் குங்குமப்பூ. லேசான வாசனை, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். சுலோசனா வேலை பார்த்த தையல் கம்பெனியில், கூரைத் தகடு காய்கிற கோடையில், அவர் மெஷின்களுக்கு நடுவே துணி சோதித்துக்கொண்டு வந்தால் பெண்கள் தலையைத் தூக்காமலே "அக்கா வருது" என்பார்களாம். அங்கே அவருக்குக் கீழே வேலை பழகிய நாகவல்லிதான் எனக்கு இதைச் சொன்னது. நாகவல்லியும் தினம் எங்களோடு அதே பெட்டியில் வருகிறது.

கொரோனா வந்த அந்த மே மாதம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து மணவாளன் மட்டும் திரும்பி வந்தார். மனைவியின் முகத்தைக் கடைசியாக ஒருதரம்கூட அவர் பார்க்கவில்லை.

"ஊட்டத் தொறந்தேன் சார். அவ பொடவை கொடியில கீது. எடுத்து மூஞ்சில வெச்சிகினேன். வெறும் துணி. அவ வாசனை அதுல இருந்திச்சா, இல்லியா, அதுகூட எனக்குத் தெரியாது." இதை அவர் சாதாரணமாக, ரேஷன் கடைச் சமாச்சாரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வருஷா வருஷம் மாசியில் சுலோசனாவுக்காக அரை லிட்டர் கலந்து வைப்பது வழக்கம். அந்த வருஷத்துப் பழுப்பு பாட்டில் அப்படியே பிரிட்ஜில் இருந்தது. அதைத்தான் ஐந்து கோடையாகப் பூசிக்கொள்கிறார். தன்னால் முகர முடியாத வாசனையை எதற்குப் பூச வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறது. "எனக்குத் தெரியலைன்னா இன்னா சார்? ரயிலுல நாலு பேருக்குத் தெரியும்ல. அவ நடமாடிகினு கீறா மாதிரி."

புதிதாகக் கலக்க வேண்டியதுதானே என்று ஒருமுறை புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

"எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் கணக்கு சார், கண்ண மூடிகினு ஊத்துவேன். குங்குமப்பூதான் பேஜாரு. ஒரு சொட்டு கூடிச்சுன்னா ஆசுபத்திரி வாட வந்துடும். ஒவ்வொரு சொட்டா உட்டுகினே வருவேன். அவ மோந்து பாத்துகினே நிப்பா. 'போதும்'னுவா. அங்க நிறுத்திடுவேன். எத்தினி சொட்டுன்னு ஒரு வருசமும் எழுதி வெக்கல. அதான் அவ கீறாளே, எதுக்கு எழுதணும்னு."

அன்றைக்குத்தான் என்னிடம் ஒரு வாக்கு வாங்கினார். எலுமிச்சைக்கு ஆயுசு கம்மி, பாட்டில் குறையக் குறைய உள்ளே காற்று ஏறும், காற்று ஏறினால் ஒருநாள் அது மாறி, பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை அடிக்கும் என்றார். "எனக்கு அது தெரியாது சார். நீங்கதான் சொல்லணும். மாறுன அன்னிக்கே சொல்லிடணும். அவ பேர்ல கெட்ட வாடையப் பூசிகினு நான் திரியக் கூடாது." தினசரி வாய்ப்பாட்டின் காரணம் அதுதான். நானும் பெரிய மனிதன் மாதிரி, "கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

இந்த வருஷம் சித்திரை பத்தாம் தேதி வாக்கில், ஸ்டேஷனில் அவர் நீட்டிய மணிக்கட்டை முகர்ந்தேன். புதுசாகப் பெயிண்ட் அடித்த கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. குங்குமப்பூ எங்கேயோ அடியில் கிடந்து முனகியது.

"மேல இன்னா நிக்கிது சார்?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் முகத்தில் இருக்குமே, அது.

"எலுமிச்சை" என்றேன்.

முதல் பொய்தான் கஷ்டம். மறுநாள் சுலபமாக வந்தது. நாகவல்லியைப் பார்த்தேன். அது என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே "வருதுண்ணா" என்றது. பெட்டியில் எங்கள் பக்கம் உட்காருகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிக்கொண்டார்கள். மணவாளனுக்கு அதில் சந்தோஷம். "இந்த வருசம் கூட்டம் கம்மி சார்" என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

என் மனைவிக்கும் பால் பாத்திரத்தோடு அந்த வாடை வந்து சேர்ந்தது. "ஏங்க, அந்த அண்ணன் மேல தின்னர் நாத்தம் அடிக்குது. சொல்றேன்னு வாக்குக் குடுத்தீங்கள்ல?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படிக் கிட்டத்தட்ட நாற்பது நாள், நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டினேன். கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியம்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணனூரில் ஒருவர் ஏறினார். எங்கள் எதிர் சீட்டில் இடம் கிடப்பதைப் பார்த்து உட்கார்ந்தவர், மூக்கைச் சுளித்தார்.

"யாருங்க தின்னர் கேனைத் தொறந்து வெச்சிருக்கறது? வண்டியில தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

நாகவல்லி செல்போனுக்குள் தலையைப் புதைத்தது. மணவாளன்தான் எழுந்தார். "தின்னரா? எனக்கு மூக்கு வேல செய்யாதுப்பா, நீ நல்லா மோந்து பாரு" என்று சொல்லிவிட்டு, குனிந்து சீட்டுக்கு அடியில் தேடினார். நாகவல்லியின் சாப்பாட்டுப் பையை நகர்த்தினார். மேல்தட்டில் இருந்த மூட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த பெயிண்டரிடம், "உன் பையில கீதா நைனா? கோச்சிக்காதே, மூடி லூசா கீதான்னு பாரு" என்றார். பெயிண்டர் பையை விரித்துக் காட்டினார். காய்ந்த பிரஷ்கள்தான் இருந்தன. மணவாளன் கையை நீட்டித் தேடத் தேட, வாடை அவர் கூடவே போயிற்று. ஏறியவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மணவாளன் மறுபடியும் தேடத் தரையில் முழங்காலிட்டதை என்னால் பார்க்க முடியவில்லை.

"மணவாளன், எழுந்திரிங்க. கேன் எதுவும் இல்ல."

முழங்காலிட்டபடியே என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைத் தன் மூக்கருகே கொண்டுபோனார், பழக்கதோஷம். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னிக்கிலேருந்து சார்?"

"சித்திரை பத்துத் தேதி வாக்குல."

நாகவல்லி பக்கம் திரும்பினார். "நீயும் வருதுன்னியே."

"மனசு வரலண்ணா" என்று அது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, சொன்னது எதுவும் போதுமானதாக இல்லை. அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாப்பது நாளா அவளத் தின்னராக்கி ஊரெல்லாம் இட்டுகினு போயிகீறேன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

பட்டரவாக்கம் வந்தது. அவர் இறங்க வேண்டிய இடம். நாகவல்லி எழுந்து, "அண்ணா, எறங்கலையா?" என்றது.

"நீ போம்மா."

அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. வண்டி நகர்ந்தது. மணவாளன் என் பக்கமாகக் குனிந்தார்.

"சார், பத்து வருசம் அவ உங்க வாசலத் தாண்டிப் போயிகீறா. நான் கலக்குனது எனக்குத் தெரியும். அவ மேல பட்டப்புறம் அது வேற மாதிரி ஆவும். அத்த நான் மறந்துகினே வரேன் சார். போன வருசம் கொஞ்சம் ஞாபகம் இருந்திச்சு. இப்ப இல்ல. உங்களுக்கு மூக்கு கீதே, உங்களுக்குத் தெரியும். எப்டி இருந்திச்சு, சொல்லுங்க."

பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறவன் நான். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு மே மாதத்துக் காலை வந்தது. சுலோசனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் நின்று, என் மனைவியிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்.

"சாவி குடுக்க வருவாங்கல்ல," என்று ஆரம்பித்தேன், "அப்போ முதல்ல..."

வண்டி கொரட்டூரை நோக்கி வேகம் எடுத்தது, காற்று ஹோவென்று உள்ளே அடித்தது. "இருங்க சார், காத்துல பூடும்" என்று மணவாளன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழுந்து போய், வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்தப் பெட்டியில், எங்கள் பக்கத்து ஜன்னல் ஷட்டரைக் கொக்கி விழும்வரை இறக்கிவிட்டு, வந்து என் எதிரே உட்கார்ந்தார்.