சத்தம் போடாத ஷட்டர்

போன வாரம் எங்கள் வீட்டு கார் ஷெட்டின் ஷட்டர் ஊமையாகிவிட்டது. நான்தான் ஆக்கினேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

சத்தம் என்றால் எனக்கு ஆகாது. நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். லாரிகளின் ஏர் ஹாரனைத் திட்டியிருக்கிறேன், கல்யாண மண்டப ஸ்பீக்கரைத் திட்டியிருக்கிறேன். நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்துக்கொண்டு ஹாரனைத் திட்டுகிறவன் நீ ஒருவன்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். 'என் வீட்டில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்' என்று ஒருமுறை பெருமையாகக்கூட எழுதினேன்.

அப்படிப்பட்ட வீட்டில் இந்த ஷட்டர் மட்டும்... ஆறு வருஷம் முன்பு அதற்கு மோட்டார் வைத்தேன். ரிமோட்டை அமுக்கினால் கடகடவென்று தகரத்தை ரோட்டில் இழுத்துப் போகிற மாதிரி சத்தம். முழுசாக ஏற இருபது விநாடி. மாடி அறைக் கட்டில் வரை அதிரும்.

சத்தம் கேட்டால் நம்மூர் ஆட்கள் என்ன செய்வோம்? கிரீஸ் அடிப்போம். நானும் கடையிலிருந்து ஒரு டப்பா லாரி கிரீஸ் கொண்டுவந்து, ஷட்டர் ஏறி இறங்குகிற இரண்டு பக்கச் சேனலிலும் அப்பினேன். இரண்டு நாள் பரவாயில்லை. அப்புறம் ரோட்டுப் புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டு, கடகடாவோடு கரகராவும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து பழனிச்சாமியைக் கூப்பிட்டேன். வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என்னை ரிமோட்டை அமுக்கச் சொன்னார்.

"ஷட்டர்ல கொஞ்சந்தானுங்ணா. மோட்டாரச் சொவுத்தோட சேத்து முடுக்கி வெச்சிருக்கறாங்க. அது ஆடறதச் சொவுரு வாங்கி ஊடு முச்சூடும் குடுக்குது."

"கிரீஸ் போட்டுருக்குதே?"

"லாரிக்கு அடிக்கறத இதுக்கு அடிச்சா மண்ணத்தானுங்ணா புடிக்கும். ஆரு அடிச்சது?"

நான் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டீசலில் துணியை நனைத்து கிரீஸைத் துடைத்தெடுத்தார். பழைய லாரி டயரில் ரப்பர் வெட்டி, மோட்டார் பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்தார். போல்ட்டுகளுக்கு ரப்பர் வாஷர். தொங்கிக் கிடந்த மோட்டார் செயினை இழுத்துக் கட்டினார். சேனலுக்குள் நைலான் பட்டை வைத்து சிலிகான் ஸ்பிரே அடித்தார். ரிமோட்டை அமுக்கினேன். பெருமூச்சு விடுகிற அளவுக்கு ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

மனைவி சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. எதைச் செய்தாலும் இவளுக்கு இப்படித்தான் என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்தேன். ஷட்டர் சத்தமில்லாமல் ஏறியது. ஷெட்டிலிருந்து சமையலறைக்குள் போக ஒரு கதவு உண்டு. அதன் பக்கத்தில் போனபோது உள்ளே டிவி சத்தம், அதற்கு மேல் சிரிப்பு.

சரசு சிரிக்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "போதுஞ் சாமி, வகுறு வலிக்குது" என்கிறாள். காலேஜ் லீவில் இருக்கும் மகள் நித்யா விடுவதாக இல்லை. குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "ஏம்புள்ள, மிக்ஸிய இப்பத்தான் போடோணுமா? எனக்குத் தலைக்குள்ள லாரி ஓடுது" என்கிறாள்.

என் குரல். என் வசனம். அச்சு அசல் அப்படியே இருந்தது.

கதவைத் தள்ளினேன். நித்யா ஓடிப்போய் டிவியை அணைத்தாள். சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டீங்களா... சோறு போடட்டுங்களா?" என்றாள். குண்டூசி விழுந்திருந்தால் கேட்டிருக்கும்.

சாப்பிடும்போது கேட்டேன். "நான் வந்தா டிவிய எதுக்கு நிறுத்தறீங்க?"

நித்யா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "எப்பவுமே நிறுத்திருவமுங்ப்பா. ஷட்டர் சத்தம் கேட்டவொடனே நிறுத்திருவம். இன்னைக்குக் கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கேஸ் அடுப்பை அணைப்பதைச் சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

ஆறு வருஷமாக அந்த இருபது விநாடியில்தான் என் வீடு எனக்காகத் தயாராகியிருக்கிறது. டிவி அணைந்து, சிரிப்பு அடங்கி, முகங்கள் ஒழுங்காகி... நான் ஊருக்கெல்லாம் பெருமையடித்த அமைதி அதுதான். பயந்த வீடு அமைதியாகத்தானே இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டயர்த் துண்டு வேண்டியிருந்தது.

நீங்கள் மாறலாமே என்பீர்கள். முயன்றேன். மறுநாள் டிவி முன்னால் போய் உட்கார்ந்து, "ஓடட்டும், ஓடட்டும்" என்றேன். மூன்று பேரும் ஒரு காமெடிக் காட்சியை, யாரும் சிரிக்காமல், கடைசி வரை பார்த்தோம்.

பழனிச்சாமிக்கு போன் செய்து ரப்பரைக் கழற்றிவிடச் சொல்லலாமா? காரணம் கேட்பார். என்னவென்று சொல்ல?

அதனால் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே ஒரு ஹாரன் அடித்துவிட்டு, மெதுவாகத்தான் வருகிறேன். ஹாரனைத் திட்டி எழுதிய அதே ஆள்தான்.

பாவம், அவர்கள் சிரித்து முடிக்க வேண்டாமா?