இரண்டாவது கயிறு

உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பது அவன் தொழில். வயது இருபத்திரண்டு. எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாத சுபாவம் என்பதால், கூட்டாளிகள் அவனைக் காத்தாடி என்றே அழைத்தனர். அத்தொழிலில் கயிறு இரண்டு: ஒன்று உட்காரும் பலகையைத் தாங்கும், அது அறுந்தால் ஆளைத் தாங்குவது மற்றொன்று. இடுப்புக் கொக்கியை அந்த இரண்டாவது கயிற்றில் மாட்டினால் இஷ்டம்போல் வீசியாட முடியாது. ஆகவே, மேஸ்திரியின் தலை மறைந்ததும் அவன் அதைக் கழற்றிவிடுவான்.

இந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவள் மருத்துவமனையின் ஏழாம் மாடியில், இரத்த நோயோடு தனியறையில் கிடந்த எட்டு வயதுச் சிறுமி. வியாழக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைக்க வரும் அவன், சோப்பு நுரையால் மீசை வைத்துக்கொண்டு அவளைச் சிரிக்க வைப்பான். ஒரு மாலை செவிலி அவனை வாசலில் மடக்கினாள்.

"ஏம்பா, நீ கொக்கி மாட்டுனாத்தான் ஊசிக்குக் கை நீட்டுவாளாம். என் உயிரை வாங்குறா."

"எனக்கு இருக்குற ஒரு மேஸ்திரி போதாதாக்கா?"

"இவ சின்ன மேஸ்திரி. சொன்னபடி கேளு."

அன்றுமுதல் அவள், இரண்டாவது கயிறு எங்கே என்று உள்ளேயிருந்து இரண்டு விரல்களைக் காட்டுவாள். அவன் கொக்கியை இழுத்துக் காட்டுவான். அவள் ஊசிக்குக் கை நீட்டுவாள்.

அந்த வியாழனன்று காலை, செவிலி முகங்கொடுத்துப் பேசவில்லை. "நாலு நாளா காய்ச்சல் இறங்கலைப்பா" என்று மட்டும் சொல்லிப் போனாள். மேஸ்திரி வருமுன்பே அவன் அவசரமாகக் கயிற்றில் இறங்கிவிட்டான். ஏழாம் மாடியில் திரை மூடியிருந்தது. துடைத்த கண்ணாடியையே மீண்டும் மீண்டும் துடைத்தான்.

மேலிருந்து மேஸ்திரி கத்தினார்: "டேய் காத்தாடி, கண்ணாடி தேஞ்சிடும்டா! கீழே இறங்கு!"

"இருங்கண்ணே… அழுக்கு போகலை."

பத்து நிமிடமாயிற்று, பதினைந்தாயிற்று. பிறகு, சிறுமியின் தாய் திரையை விலக்கினாள். மூக்கில் குழாயுடன், தலையணையைவிடச் சிறியவளாகச் சிறுமி கிடந்தாள். சிரிக்கவில்லை. மெதுவாக இரண்டு விரல்கள் உயர்ந்தன.

அவன் பெருமையாக இடுப்பைத் தொட்டான். கொக்கி வெறுமனே தொங்கியது. இரண்டாவது கயிறு கைக்கெட்டும் தூரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

முதன்முறையாக அவன் கீழே பார்த்தான். எட்டிப் பிடித்த கயிறு இருமுறை நழுவியது. மூன்றாம் முறை மாட்டியது. அவன் அதை இழுத்துக் காட்டும்வரை அந்த விரல்கள் தாழவில்லை.

பிறகு அவள் கண்களை மூடிக்கொண்டு, ஊசியோடு நின்ற செவிலியிடம் கையை நீட்டினாள்.